பானட் ஓரத்தில் ஒரு சாம்பல் தழும்பு

எங்கள் மாருதி 800 பானட்டில், டிரைவர் பக்க மடிப்பில், கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு சாம்பல் திட்டு இருக்கிறது. நான் போட்டதுதான். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. மற்றபடி வண்டி இன்றைக்குப் பளபளவென்று நிற்கிறது. ஆனாலும் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கண் அந்தத் திட்டுக்குத்தான் போகிறது. முதல்முறையாகப் பாலிஷ் மெஷினைக் கையில் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

2004இல் அப்பா வாங்கிய வண்டி. மெட்டாலிக் இல்லை, சாதா சிவப்பு. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதை விட்டுவிட்டார். மூன்று வருடம் புங்கமரத்தடியிலேயே கிடந்தது. தூத்துக்குடியில் வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்று, மரத்துப் பிசின், காக்கை எச்சம், ஆடிக் காற்று கொண்டுவந்து கொட்டும் மண். கூரை வெளுத்து ரோஸ் கலருக்கு வந்திருந்தது. தடவினால் சாக்பீஸ் தூள் மாதிரி விரலில் ஒட்டியது. பெயின்டர் ஒருவர் வந்து பார்த்தார். "பாலிஷ்லாம் இதுல நிக்காது தம்பி. ஃபுல் பெயின்ட்தான். முப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதல் தப்பு கடையிலேயே நடந்தது. "கார் பாலிஷ் மெஷின் வேணும் அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டேன். "இதான் தம்பி. எல்லாப் பட்டறையிலயும் இதான் ஓடுது" என்று ஒரு மெஷினையும் கம்பளிப் பேட் ஒன்றையும் எடுத்து வைத்தார். அவர் சொன்னது பொய்யில்லை. பட்டறைகளில் ஓடுவது ரோட்டரி என்ற இந்த ரகம்தான். இருபது வருடம் பிடித்த கைக்கு அது சரி. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவதால், எங்கே அழுத்துகிறோமோ அங்கேயே சூடு ஏறிக்கொண்டே போகும். மெஷின் தானாக நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும்.

பெயின்ட்டைத் தேய்க்கும் பசையான காம்பவுண்டைப் பேட்டில் தடவி, நான் வேக டயலை ஆறில் வைத்தேன். அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று. பானட்டின் நடுப்பகுதி நன்றாகத்தான் வந்தது, அதுவே எனக்குத் தைரியத்தைக் கொடுத்துவிட்டது. ஓரத்து மடிப்புக்கு வந்ததும் மெஷின் கொஞ்சம் சாய்ந்தது, பேட்டின் விளிம்பு மடிப்பில் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி ஒரு வாடை. எடுத்துப் பார்த்தால் சிவப்பு போய் சாம்பல் நிறம் தெரிந்தது. அடியில் இருக்கும் பிரைமர். கம்பெனி பெயின்ட் மொத்தமும் சேர்த்து ஏறக்குறைய 100 மைக்ரான், ஒரு ஏ4 தாளின் கனம்தான். மடிப்புகளில் அதைவிட மெலிசு. இதையெல்லாம் அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். காலையிலேயே படித்திருக்கலாம்.

மெஷினைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. காம்பவுண்ட் பட்ட மெஷினை எப்படித் தம்பி எடுக்க என்றார். அதில் நியாயம் இருந்தது.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு வேண்டியது டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன் மெஷின். பேட் சுற்றவும் செய்யும், சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வட்டத்தில் ஆடவும் செய்யும். அதிகமாக அழுத்தினால் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். அதனால் பெயின்ட்டை எரிப்பது அத்தனை சுலபமில்லை. ஆறப்போட்டு ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். அதோடு வந்த பிளேட், அதாவது பேட்டை ஒட்டும் வட்டத் தட்டு, 6 இஞ்ச். நான் தனியாக வாங்கிய பேட்டுகள் ஐந்தரை இஞ்ச். பேட் எப்போதும் பிளேட்டைவிட அரை இஞ்சாவது பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டின் கடின விளிம்பு நேராகப் பெயின்ட்டில் இடித்துக் கீறிவிடும்.

5 இஞ்ச் பிளேட் வாங்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். இரண்டு கடை ஏறி இறங்கி, மூன்றாவது கடையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மாட்டினால் மரை ஏறவில்லை. அது ரோட்டரிக்கான பிளேட், மரை எம்14. என் டிஏவில் இருப்பது எம்8. மறுநாள் திரும்பப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் பில்லைத் திருப்பிக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருந்தது. மாற்றியாவது கொடுங்கள் என்றேன், எம்8 ஸ்டாக் இல்லை என்றார். இரண்டு நாள் லீவு, நாலு பஸ் டிக்கெட், ஒன்றுக்கும் ஆகாத ஒரு பிளேட். தயவுசெய்து மெஷினில் இருக்கும் பிளேட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் மரையை வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கடைசியில் சரியான பிளேட் ஆன்லைனில்தான் வந்தது.

கழுவுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான். எங்கள் போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு கேன் தண்ணீர் வாங்கி ஊற்றி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு ஷாம்பூ தண்ணீர் தெளித்துத் தெளித்துக் களிமண் மாதிரி இருக்கும் கிளே பாரை ஓட்டினேன். சொரசொரப்பு போய் வண்டி கண்ணாடி மாதிரி வழுக்கியது. கிளே கைதவறித் தரையில் விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் ஏறிய மணல் இறங்காது.

இனிதான் முக்கியமான கட்டம். வண்டி முழுக்க இறங்குவதற்கு முன்னால் இரண்டுக்கு இரண்டடி இடத்தில் சோதனை செய்ய வேண்டும். அதையும் மென்மையான பேட், மென்மையான பாலிஷிலிருந்து தொடங்க வேண்டும். அது போதவில்லை என்றால்தான் கடினமானதற்குப் போக வேண்டும். நான் கூரையில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டேன். பேட்டில் பட்டாணி அளவுக்கு நாலு சொட்டு காம்பவுண்ட், வேகம் ஒன்றில் வைத்துப் பரப்பிவிட்டு நாலரைக்கு ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெள்ளைப் பேட் ரத்தச் சிவப்பாகிவிட்டது. கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் பெயின்ட்டைத் தின்றுவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

துடைத்தால், அந்த இரண்டடிச் சதுரத்தில் மட்டும் 2004ஆம் வருடத்துச் சிவப்பு. சுற்றிலும் ரோஸ். மரத்தின் கிளைகள் அதில் தலைகீழாகத் தெரிந்தன. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வண்டியில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத தனிப் பூச்சு கிடையாது. நிறமே மேல்பூச்சு. செத்துப்போன மேல்தோலை மெஷின் எடுக்கும்போது பேட்டில் நிறம் வரத்தான் செய்யும். இது உறுதியானது இடது பின்கதவில். ஒருமுறை ஆட்டோ உரசி, அந்தக் கதவுக்கு மட்டும் வெளியில் பெயின்ட் அடித்திருந்தோம். அங்கே பேட் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது, மேலே கிளியர் இருப்பதால். ஒரே வண்டியில் இரண்டு விதம். உங்கள் வண்டி மெட்டாலிக் என்றால் மேலே கிளியர் கோட் இருக்கும். அதில் பேட்டில் நிறம் வந்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். கிளியர் ஏற்கெனவே தோல் உரிகிற மாதிரி உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் அதைக் கொண்டுவராது. அங்கே பெயின்டர் சொல்வதுதான் சரி.

அதன் பிறகு வேலை நகர்ந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு பாடம். காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் எட்டரைக்கு நிறுத்திவிடுவேன். ஒன்பது மணி வெயிலில் தகரம் சூடேறியதும் காம்பவுண்ட் போட்ட உடனே காய்ந்து கட்டிதட்டுகிறது. அதைத் துடைப்பதிலேயே புதுக் கீறல் விழுகிறது. ஒவ்வொரு இரண்டடி முடிந்ததும் பேட்டை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். செத்த பெயின்ட் பேட்டில் அடைத்துக்கொண்டால் அது வெட்டாது, சூடாவதோடு சரி. பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் பேட் வேலை செய்கிறது. கோடு நின்றுவிட்டால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள். எனக்கு மிகவும் உதவியது இந்தக் கோடுதான். ஒயரைத் தோள் வழியாகப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், பெல்ட்டையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள், முகக்கவசம் கட்டாயம். முதல் நாள் சளியே சிவப்பாக வந்தது.

மடிப்புகளில் எல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பட்ட சூடு அது. கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு, அந்த இடங்களைக் கையாலேயே இரண்டு தேய் தேய்த்தேன். ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பரில் டேப் ஒட்ட விட்டுப்போயிற்று. அதில் தெறித்த காம்பவுண்ட் காய்ந்து வெள்ளைப் படையாகிவிட்டது. பழைய டூத் பிரஷ், ஷாம்பூ, ஒரு முழு சாயங்காலம். இன்னும் முழுசாகப் போகவில்லை.

துடைத்ததும் தெரியும் பளபளப்பை நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களை மூடி மறைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நான் முடித்துவிட்டதாக நினைத்த வலது முன்கதவில் சிலந்திவலை மாதிரி கீறல்கள் அப்படியே இருந்தன. இன்னொரு முறை ஓட்டிய பிறகுதான் போயின. கூரையில் காக்கை எச்சம் அரித்த இரண்டு குழிகளை அப்படியே விட்டுவிட்டேன். அவை போகும்வரை தேய்த்தால் பெயின்ட் மிஞ்சாது. கிளியர் இல்லாத பெயின்ட்டைத் திறந்து போட்டால் மறுபடியும் வெளுக்கும், அதனால் இரண்டு கோட் மெழுகு போட்டு முடித்தேன்.

நாலாவது ஞாயிறு காலை அப்பா கைத்தடியோடு வெளியே வந்தார். கூரையைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. "ஷோரூம்ல இருந்து எடுத்துட்டு வந்தப்ப இப்படித்தாம்ல இருந்துச்சு" என்றார். பானட் மடிப்பைக் காட்டி நான் மன்னிப்புக் கேட்டேன். "முப்பத்தஞ்சாயிரம் கேட்டான்ல" என்று சொல்லிவிட்டு, டிரைவர் சீட் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

டிக்கிக் கதவு மட்டும் இன்னும் பாக்கி. அங்கே வந்தபோது சூட்டில் கடைசிப் பேட்டின் வெல்க்ரோ பிய்ந்துவிட்டது. நாலு பேட் போதும் என்று நினைத்தது தப்பு, இந்த அளவுக்கு வெளுத்த வண்டிக்குக் குறைந்தது ஆறு பேட் வேண்டும். இரண்டு பேட் ஆர்டர் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வரும் என்று காட்டுகிறது.