மூன்றாவது ஓட்டு

போன வியாழக்கிழமை, 2023 மே 4, இங்கே மலேசியாவில் விசாக தினம், விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து அப்பாவும் நானும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இங்கிலாந்தில் ஏதோ கிராமத்து மண்டபம், வாசலில் வாக்குச்சாவடி என்று ஒரு பலகை, அதற்குப் பக்கத்தில் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு அவள். கீழே ஒரே வரி: "மாமா, நான் ஓட்டு போட்டுட்டேன்."

அப்பாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பேத்தியின் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன், அவர் விரலைப் பார்த்தார். "மை இல்லையேப்பா, நெசமாத்தான் போட்டாளா?"

போன நவம்பரில் நம் பொதுத்தேர்தலில் அவர் இடது ஆள்காட்டி விரலில் வைத்த மை, நகத்தோடு வளர்ந்து வெளியேற எவ்வளவு நாள் ஆனது என்று எனக்குத் தெரியும், வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே மை வைக்கும் பழக்கம் இல்லை என்று சொன்னபோது அவர் முழுசாக நம்பவில்லை.

அவள் ஸ்டோமார்க்கெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள். மலேசியக் குடிமகள். அவள் கையில் இருப்பது நம் சிவப்புக் கடப்பிதழ்தான். ஆனாலும் அங்கே அவளுக்கு ஓட்டு உண்டு. பிரிட்டனில் முறையான அனுமதியோடு வசிக்கும், மலேசியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் 18 வயதுக்கு மேல் இருந்தால் வாக்காளர் பட்டியலில் பதிந்துகொள்ளலாம். வீட்டுக்கு உள்ளூர் மன்றத்திலிருந்து படிவம் வந்தபோது தவறுதலாக வந்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாளாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இங்கிலாந்தில் 2023-இல்தான் முதல் முறையாகப் படம் உள்ள அடையாள ஆவணம் காட்டினால்தான் ஓட்டுச்சீட்டு என்று விதி வந்திருக்கிறது, அதற்கும் காமன்வெல்த் நாடுகளின் கடப்பிதழ் செல்லும். ஆக, நம் புலி முத்திரை போட்ட கடப்பிதழை நீட்டி, அவள் அந்த ஊர் மாவட்ட மன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை இரவு முடிவு வந்துவிட்டது. அந்த மன்றத்தின் பெயர் மிட் சஃபோக். மொத்தம் 34 இடம். பசுமைக் கட்சிக்கு 24, அப்போது நாட்டை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 6, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 4. நான்கு வருடத்துக்கு முன்பு, 2019-இல், பசுமைக் கட்சிக்கு இருந்தது 12 இடம்தான், அது அப்படியே இரட்டிப்பாகியிருக்கிறது. அந்த நாட்டில் பசுமைக் கட்சி ஒரு மன்றத்தைத் தனிப் பெரும்பான்மையோடு பிடித்தது இதுதான் முதல் தடவை. லண்டன் மாதிரிப் பெரிய நகரம் இல்லை, வயலும் சின்னச் சின்ன ஊர்களுமாக உள்ள இடம், தலைமுறையாகக் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள் செல்வாக்காக இருந்த நாட்டுப்புறம். இங்கிலாந்து முழுக்க அன்று 230 மன்றங்களில் சுமார் 8,000 இடங்களுக்குத் தேர்தல் நடந்து, கன்சர்வேட்டிவ் கட்சி ஆயிரத்துக்கும் மேலான இடங்களை இழந்திருக்கிறது. தொழிற்கட்சிக்கு 500-க்கு மேல் கூடியது, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 400-க்கு மேல். போன செப்டம்பரில் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் கொண்டுவந்த குட்டி பட்ஜெட்டும் அதற்குப் பிறகு ஏறிய வீட்டுக்கடன் வட்டியும் மக்களை எந்த அளவுக்குக் கோபப்படுத்தியிருக்கும் என்பது தெரிந்த விஷயம்தானே.

ஆனால் அவள் சொன்னது வேறு. பசுமைக் கட்சி வேட்பாளர் அவள் வீட்டுக் கதவை இரண்டு தடவை தட்டியிருக்கிறார். ஊருக்கு வெளியே வயலில் புது வீடுகள் கட்ட அனுமதி கொடுப்பதைப் பற்றி, குப்பை எடுப்பதைப் பற்றி, பஸ் வராததைப் பற்றிப் பேசியிருக்கிறார். இவளும் சாலையில் இருக்கும் குழிகளைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர், சாலை மாவட்ட மன்றத்தின் வேலை இல்லை, அது மேலே உள்ள கவுண்டி மன்றத்தின் பொறுப்பு, பள்ளிக்கூடமும் அப்படித்தான், எங்கள் கையில் இருப்பது குப்பை, கட்டட அனுமதி, மன்றம் வாடகைக்கு விடும் வீடுகள் இவைதான் என்று பொறுமையாக விளக்கினாராம். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஓட்டு கேட்டு வந்த இடத்தில் இது என்னால் ஆகாது, அது ஆகும் என்று பிரித்துச் சொல்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

பேராக் மாநிலத்தில், கீழ்ப் பேராக்கில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பட்டணம் இது. ஒரு நீளமான கடைத்தெரு, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, பெரிய சாமான் வாங்கவேண்டுமென்றால் தெலுக் இந்தானுக்குப் போகவேண்டும். நான் பிறந்தது தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில். அங்கே கால்வாய் அடைத்துக்கொண்டால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்லுவோம், அவர் மேஸ்திரியான மண்டோரிடம் சொல்லுவார், நடக்கும் அல்லது நடக்காது, ஆனால் யாரிடம் போய் நிற்பது என்பதில் குழப்பம் இருந்ததில்லை. தோட்டம் கைமாறி, லயங்களை உடைத்து, நாங்கள் எல்லாரும் பட்டணத்து ஓரத்தில் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த பிறகு பொறுப்பு ஊராட்சி மன்றத்துக்கு மாறியது. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு தடவை, ஆகஸ்டு கடைசிக்குள் ஒரு தடவை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். நான் ஒரு வருடம்கூட தவறியதில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் வரிசைக்குப் பின்னால் உள்ள பெரிய கால்வாய் அடைத்து, அப்பா படுத்திருந்த அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு 82 வயது. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் நானும் சேர்ந்து அவரைக் கட்டிலோடு தூக்கி முன்னால் கொண்டுவந்தோம். மறுநாளிலிருந்து புகார் கொடுத்தேன், மூன்று தடவை, எண்ணோடு. எங்கள் பகுதிக்குக் கவுன்சிலர் யார் என்று கேட்டதற்கு முதலில் ஒரு பெயர் சொன்னார்கள், அவரை அழைத்தால் என் தவணை முடிந்துவிட்டது, புதியவர் யாரென்று இன்னும் எனக்கே தெரியாது என்றார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை, எனக்குப் பதில் சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கால்வாயைக் கடைசியில் நாங்களே காசு போட்டு ஆள் வைத்துத் தோண்டினோம்.

நவம்பரில் பேராக்கில் நமக்கு இரண்டு சீட்டு கொடுத்தார்கள், நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. ஊராட்சி மன்றத்துக்கென்று மூன்றாவதாக ஒன்று இருந்திருக்கவேண்டும். இருந்தது. 1951-இல் பினாங்கின் ஜோர்ஜ்டவுனிலும் அடுத்த வருடம் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல் நடந்தபோது நாடு விடுதலைகூட அடையவில்லை. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், 1965-இல், ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். மோதல் அடுத்த வருடமே ஓய்ந்துவிட்டது, தேர்தல் திரும்பி வரவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் எல்லாவற்றையும் ஆராய்ந்து, தேர்தல் இருக்கவேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு கதை முடிந்தது. இன்று ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 பேர் வரை மாநில அரசு நியமிக்கிறது.

அப்பா இளவயதில் ஈப்போவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே நகராட்சிக்கு ஓட்டு போட்டிருக்கிறார். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போவைக் கையில் வைத்திருந்த காலம். பேத்தியின் படத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாக என்னிடம் சொன்னார். தாத்தா போட்டார், பேத்தி போட்டாள், நடுவில் உள்ள நான், 54 வயதாகிறது, போட்டதே இல்லை.

இதைக் கோயில் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி: "நியமனம்னா நம்ம ஆளுக்கு ஒரு இடமாவது கிடைக்குது தம்பி, தேர்தல்னா அதுவும் போயிடும்." அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் 1957-இல், சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஜோர்ஜ்டவுனில், தேர்தலில் வந்த மன்றத்திலிருந்து முதல் மேயரானவர் டி.எஸ். இராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. அதுவும் போக, நம் பட்டணத்தை வட்டாரமாகப் பிரித்தால் இரண்டு மூன்று இடத்திலாவது தமிழர் ஓட்டு இல்லாமல் யாரும் ஜெயிக்க முடியாது. அப்போது ஜெயிக்கிறவர் எந்த இனத்தவராக இருந்தாலும் என் கால்வாயைப் பார்க்க வந்துதான் ஆகவேண்டும். நியமனத்தில் வரும் நம் ஆள் அதற்காக வரவேண்டிய அவசியம் இல்லை.

சட்டத்தைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. 1976 சட்டத்தின்படி, மன்றமே வேறு மாதிரி தீர்மானித்தால் தவிர, அதன் முழுக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். இத்தனை வருடத்தில் எங்கள் தாமானிலிருந்து யாரும் போனதில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு நேற்று கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வருகிறேன் என்றிருக்கிறார். அப்பாவும் வருவாராம், சக்கர நாற்காலியோடு மாடிப்படி ஏறவேண்டியிருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறார். தேதி தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன், இதைப் படிக்கிற நம்மூர்க்காரர்கள் முடிந்தால் வாருங்கள்.