மெடிக்கலில் தேன் கேட்ட கதை

அம்மா சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி கொட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. மருத்துவமனையில் சேர்த்ததும் வீட்டுக்கு அழைத்து வந்ததும் சுமுகமாகவே முடிந்தன. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சீட்டில் எழுதிய ஒரு வரிதான் எங்களை அலைக்கழித்தது: தேன் டிரெஸ்ஸிங், ஒருநாள் விட்டு ஒருநாள்.

சீட்டை நீட்டியதும் மெடிக்கல்காரர் சாப்பிடுகிற தேன் பாட்டிலை எடுத்து வைத்தார். "இது இல்லண்ணே, காயத்துக்குப் போடுறது" என்றேன். "தேன்ல என்ன தம்பி ரெண்டு சாதி?" என்றார். அடுத்த கடையில் தேன் கலந்த இருமல் டானிக் வந்தது. இன்னொருவர் "ஆர்டர் போட்டிருக்கேன், நாளைக்கு வாங்க" என்றே ஓட்டினார்.

இதற்குள் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். சித்தப்பா கொல்லிமலைத் தேனோடு வந்து நின்றார். கலப்படமே கிடையாதாம். இருக்கட்டும், கலப்படம் இல்லை என்றால் கிருமி இல்லை என்று ஆகிவிடுமா? தேனில் குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள், அதாவது அது உறங்கும் கெட்டி ஓட்டு வடிவம், இருக்கலாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது என்பதும் அதனால்தான். "காய்ச்சி ஆறவெச்சுப் போட்டா?" என்றார் அத்தை. காய்ச்சினால் அந்த வித்துகள் சாகாது, ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிக் கிருமியைக் கொல்ல உதவும் நொதிதான் கெட்டுப்போகும். காயத்துக்கான தேனை காமா கதிரில் சுத்திகரிப்பதே அதற்காகத்தான். வித்தும் ஒழியும், தேனின் வீரியமும் போகாது.

சித்தப்பா விடவில்லை. சோலாப்பூரில் டாக்டர் சுப்பிரமணியம் தீக்காயத்துக்குப் பதப்படுத்தாத தேனையே போட்டு 1991இல் ஆய்வு வெளியிட்டதை எங்கோ படித்திருக்கிறார். உண்மைதான். ஆனால் அது ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்பார்வையில் நடந்தது சித்தப்பா, நம் வீட்டுக் கூடத்தில் இல்லை.

கடைசியில் ஆன்லைனில்தான் காயத்துக்கான தேன் டியூப் கிடைத்தது. முதலில் வந்ததன் சீல் உடைந்திருந்ததால் திருப்பி அனுப்பினேன். சீல், காலாவதித் தேதி, 'ஸ்டெரைல்' (கிருமி நீக்கியது) என்ற சொல் மூன்றையும் பார்க்காமல் திறக்காதீர்கள். விலையைப் பார்த்து அம்மாவுக்கு மயக்கமே வந்தது. நியூசிலாந்தின் மானுகா செடிப் பூவிலிருந்து வரும் தேன், சும்மாவா.

தெருமுனை கிளினிக் நர்ஸ் காயத்தின் மேல் தேனைத் தடவி, மெல்லிய காஸ் துணி ஒன்றைச் சுற்றி அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் உடம்புச் சூட்டில் தேன் இளகி, காயத்து நீரோடு கலந்து தலையணை உறை வரை வழிந்தது. ராத்திரி கட்டிலில் எறும்பு! கட்டில் கால் நாலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்துத்தான் தூங்கினோம். மறுமுறை டாக்டரிடம் கேட்டதில் விஷயம் தெரிந்தது. தேனைக் காயத்தில் தடவாமல் பஞ்சுப் பட்டையில் தடவி ஒட்ட வேண்டும், அதற்கு மேல் நீரை உறிஞ்சும் தடித்த பட்டை, காயத்தின் ஓரத்தைத் தாண்டி. அப்புறம் எறும்பு எட்டிப் பார்க்கவில்லை.

போட்டவுடன் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிகிறது என்றார் அம்மா. தேனுக்கு அமிலத்தன்மை உண்டு, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். இன்னொன்று, தோலின் முழு ஆழத்துக்கும் போகாத தீக்காயம் வழக்கமான கட்டுகளைவிட தேன் கட்டில் 4, 5 நாள் முன்னதாக ஆறுவதாக மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வு சொல்கிறது. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு அப்படித் தெளிவான முடிவு அதில் இல்லை. அதை நம்பிச் சொந்த வைத்தியத்தில் இறங்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் கிளைமில்தான் உச்சக்கட்டம். பில்லில் 'தேன்' என்று இருந்ததால் 'உணவுப் பொருள்' என்று வெட்டிவிட்டார்கள். போனில் பேசிய அம்மணிக்கு டியூபின் போட்டோவை அனுப்பியும் அசையவில்லை. 'தீக்காயத்துக்கான கிருமிநீக்கிய காயக்கட்டு' என்று டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி மறுபடி போட்டேன். முடிந்தால் முதல் சீட்டிலேயே அப்படி எழுதி வாங்கிவிடுங்கள். பணம் வந்தது, கையுறைக்கான காசை மட்டும் கழித்துக்கொண்டு.