கிளியர் ஆயிடுச்சா?

அந்த அம்மா எங்கள் வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, கிளியர் ஆயிடுச்சா?" அவர் போட்ட செக்கைத் திரையில் பார்த்தேன். பணம் வந்திருந்தது. "ஆயிடுச்சும்மா" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

அவர் கேட்டது நகைக்கடனை. கடன் தீர்ந்தது, வளையலை வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ் பிடித்து, சாயங்காலம் கவுண்டர் முன்னால் வந்து நின்றார்.

இது 2025 அக்டோபருக்கு முந்தைய கதை. அப்போது வேறு வங்கி செக் என்றால் பணம் வர அடுத்த வேலைநாள் ஆகும். வெள்ளிக்கிழமை போட்ட செக். நடுவில் ரெண்டாம் சனி, ஞாயிறு. நகைக்கடனுக்கு வட்டி தினக்கணக்கில் ஏறும். செக்கில் இருந்ததோ வெள்ளிக்கிழமைத் தொகை. நூற்றுச் சொச்சம் குறைந்தது. அதைச் சுருக்குப்பையிலிருந்து அப்போதே எடுத்து வைத்துவிட்டார். ஆனால் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் கூட்டத்துக்குக் கிளம்பிப் போயாயிற்று.

"கிளியர்னு நீதானே சொன்னே?" கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

எங்கள் வேலையில் இந்தச் சொல் படுகிற பாடு கொஞ்சமல்ல. செக் கிளியர் ஆனால் பணம் வந்தது. பத்திரம் கிளியர் என்றால் வில்லங்கம் இல்லை. கம்பெனிச் சட்டப்படி பொதுக்கூட்டத்துக்கு 21 'கிளியர்' நாள் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும். அறிவிப்பு கிடைத்த நாளும் கூட்ட நாளும் அதில் சேராது. கடன்தான் விசேஷம். "லோன் கிளியர் ஆயிடுச்சு" என்று கடன் கிடைத்தவரும் சொல்கிறார், கட்டி முடித்தவரும் சொல்கிறார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

அப்படியிருக்க நான் என்ன செய்ய? எதிரே வரிசை நிற்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். ஆனால் செக் கிளியர் ஆச்சா என்று கேட்க ஒரு கிழவி எதற்காகப் போன் போடுகிறார்? அவருக்கு வேண்டியது வளையல். அது எனக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் படுகிறது. சில நாள் அப்படிப் படுவதில்லை.

"இனிமே பணம் வரவாயிடுச்சுன்னு சொல்லுங்க" என்றார் மேலாளர். அதையும் அந்த அம்மா கடனில் வரவானதாகத்தான் எடுத்திருப்பார்.

இப்போதெல்லாம் "எது கிளியராகணும்?" என்று திருப்பிக் கேட்கிறேன். போன வாரம் ஒருவர் எரிச்சலாகிவிட்டார். "என்ன சார், பேங்க்ல இருந்துக்கிட்டு கிளியர்னா தெரியாதா?"