இடுப்பு வளையமும் கச்சை நாளமும்: எட்டு வாரக் குறிப்பு

இடுப்பில் சுற்றும் வளையத்தை (ஹூலா ஹூப்) எட்டு வாரம் பழகுவதற்கும், அதைச் சீன மருத்துவம் சொல்லும் கச்சை நாளத்தோடு பொருத்திப் பார்ப்பதற்கும் இந்தக் குறிப்பு. முதலில் வளையம். குழந்தைகளின் வளையம் பெரியவர்களுக்கு ஒத்துவராது. தரையில் நிறுத்திப் பிடித்தால் மேல் விளிம்பு தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் நடுவே வர வேண்டும். விட்டம் 100 செ.மீ. ஒட்டி, எடை 700 கிராம் முதல் 1 கிலோ வரை. விட்டம் கூடக்கூடச் சுற்று நிதானமாகும், இடுப்புக்கு அடுத்த தள்ளலுக்கு அவகாசம் கிடைக்கும். வீட்டிலேயே செய்வதானால் 3.2 மீட்டர் பிளாஸ்டிக் குழாயும் அதற்குள் இறுக்கமாக நுழையும் ஓர் இணைப்பும் போதும். குழாய் முனையைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கினால் இளகி ஏறிக்கொள்ளும். மேலே துணி டேப்பைச் சரிவாகச் சுற்றிவிட்டால் வழுக்காது.

இதில் சீன மருத்துவம் எங்கே வருகிறது? உயிர்ச்சக்தி உடலுக்குள் நாளங்கள் வழியே ஓடுகிறது என்பது அந்த மருத்துவத்தின் கொள்கை. பிற சக்தி நாளங்கள் மேலும் கீழுமாக ஓட, ஒன்று மட்டும் இடுப்பைக் குறுக்கே சுற்றுகிறது. பெயர் தாய்மாய். (நம் தாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீனத்தில் ‘தாய்’ என்றால் கச்சை.) கீழ் விலா ஓரத்தில் தொடங்கி உடலை ஒருமுறை சுற்றி வருவது என்கிறது பழைய நூலான நான்ஜிங். இந்தக் கச்சை தளர்ந்தால் வயிறு நிறைந்து கனக்கும், இடுப்பு தண்ணீருக்குள் உட்கார்ந்ததுபோல் இருக்கும் என்றும் சொல்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்த வர்ணனை சட்டென்று புரியும்.

வளையம் தொப்புள் மட்டத்தில் ஓடினால் சீன மருத்துவத்தின் இந்தப் புள்ளிகளை வரிசையாகத் தொடும்: தொப்புள், அதன் இருபுறமும் மூன்று விரல் அகலத்தில் தியான்ஷு, விலாப்பக்கத்தில், பதினொன்றாம் விலா எலும்பின் நுனிக்கு நேர் கீழே, கச்சை நாளத்தின் பெயரையே தாங்கிய புள்ளி, பின்னால் முதுகெலும்பில் மிங்மென்.

1ஆம் வாரம். 2 நிமிடம் வீதம் ஐந்து முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. ஒரு பாதம் சற்று முன்னால், முழங்கால் லேசாக மடங்கி. வளையத்தை முதுகில் ஒட்டவைத்து, தரைக்கு இணையாக வீசிவிட வேண்டும். இடுப்பை வட்டமாக ஆட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. முன்னும் பின்னும் தள்ளினால் போதும்: வளையம் வயிற்றைத் தொடும்போது முன்னால், முதுகைத் தொடும்போது பின்னால். கீழே நழுவினால் முழங்காலை இன்னும் மடக்கி, தள்ளலை இரட்டிப்பு வேகமாக்கி, வளையம் போகும் திசையிலேயே உடலைத் திருப்பினால் மறுபடி ஏறும். நைலான் உடையில் எதுவும் நிற்காது, பருத்திதான்.

2, 3ஆம் வாரம். நாளுக்கு 10 நிமிடம். இடுப்பெலும்பின் மேல் லேசான கன்றல் வரும், ஓரிரு நாள் விட்டால் போய்விடும். ‘மசாஜ்’ என்று உள்பக்கம் குமிழ் வைத்த 2 கிலோ வளையங்களை இந்த நேரத்தில் தொடவே வேண்டாம். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று அவற்றை விற்கிறார்கள். அவை உண்டாக்கும் ஊதாக் கன்றலைச் சீன வைத்தியரிடம் காட்டினால் ரத்தத் தேக்கம் என்றுதான் சொல்வார்.

4ஆம் வாரம். எதிர்த்திசை. பழகிய பக்கத்துக்கு 6 நிமிடம், பழகாத பக்கத்துக்கு 4. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மலச்சிக்கலுக்குக் கடிகாரச் சுற்றாகச் சுழற்றுங்கள் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த விதி கையால் வயிறு தடவுவதற்கு உரியது: வலப்பக்கம் மேலே, விலாவுக்குக் கீழே குறுக்காக, இடப்பக்கம் கீழே. பெருங்குடல் போகும் வழி அது. வளையமோ தரைக்கு இணையாக ஓடுகிறது, குடலின் வழியில் போவதே இல்லை. அதற்குப் பொருந்துவது கச்சை நாளம்தான். ஆகவே திசையைப் பற்றிக் கவலை வேண்டாம், போகப்போக இரு பக்கமும் சமமாகும்படி பழகுங்கள். ஒரே பக்கம் சுற்றினால் ஒருபக்க விலாத்தசை மட்டும் இறுகி இடுப்பு வலிக்கும்.

5 முதல் 8ஆம் வாரம். 15 நிமிடம், நடுவில் திசை மாற்றம். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மேலே சொன்ன வழியில் உள்ளங்கையால் 36 சுற்று. அழுத்தம் தோல் நகரும் அளவுக்கு, அதற்கு மேல் வேண்டாம். தடவல் குடலுக்கு, வளையம் இடுப்புத் தசைக்கு.

அளவு எடுப்பது: காலையில் வெறும் வயிற்றில், மூச்சை விட்டபின், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நட்டநடுவில் நாடா. வாரம் ஒருமுறை போதும். 2019இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றில், 1.5 கிலோ வளையத்தை நாளுக்குச் சுமார் 13 நிமிடம் வீதம் 6 வாரம் சுற்றியவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு சராசரியாக 3 செ.மீ. குறைந்தது. நாளங்களைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்று அறுவைசிகிச்சை செய்தவர்கள், முதுகுத்தண்டு வட்டு விலகியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வளையத்தைத் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் சீன மரபு ஓய்வையே சொல்கிறது.