செங்காந்தளை நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள்

'குளோரியோசா ரோத்ஸ்சைல்டியானா' என்று நர்சரிகளில் விற்கும் கொடியும், நம் வேலிகளில் தானாக ஏறும் செங்காந்தளும் ஒரே சிற்றினம்தான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த குளோரியோசா சூப்பர்பா என்பதே இரண்டுக்கும் இன்று செல்லும் பெயர். அகன்ற இதழ், அடர் சிவப்பு, மஞ்சள் விளிம்பு ஆகியவற்றை வைத்துத் தனிச் சிற்றினங்களாகப் பிரித்தவை பல இப்படி ஒன்றாகிவிட்டன. இந்தப் பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பிறகு சிவக்கிறது. ஒரே கொடியில் மூன்று நிறமும் இருக்கும்போது நிறம் எப்படி அடையாளமாகும்?

பார்க்க வேண்டிய இடம் சூல்தண்டு, அதாவது சூற்பையையும் மகரந்தம் ஏற்கும் சூலகமுடியையும் இணைக்கும் தண்டு. சூற்பையிலிருந்து கிளம்பும்போதே ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்து பக்கவாட்டில் நீளும். செங்காந்தளின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்காவின் லிட்டோனியாவில் அது நேராக நிற்கும். பூவும் மணிபோலத் தொங்கும். அதனால்தான் அது வெகுகாலம் தனிப் பேரினமாக இருந்தது. ஆனால் இலைநுனி பற்றுக்கம்பியாக மாறுவது இரண்டிலும் உண்டு. மரபணு ஆய்வும் நெருக்கத்தைக் காட்டவே, 2007இல் லிட்டோனியாவை குளோரியோசாவுக்குள் சேர்த்தார்கள். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. அதையும் சேர்த்தால்கூட ஏறத்தாழ ஒரு டஜன் சிற்றினங்கள்தான். குடும்பமும் மாறியிருக்கிறது: பழைய புத்தகங்களில் லில்லியேசியே, இப்போது கோல்சிகேசியே. கோல்சிசின் என்ற நஞ்சு இந்தக் குடும்பத்தின் தனி அடையாளம்.

மடிந்த சூல்தண்டால் விவசாயிக்குக் கூடுதல் வேலை. சூலகமுடி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால் தானாகக் காய்பிடிப்பது குறைவு. விதைக்காகக் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் செங்காந்தளைப் பயிரிடும் தமிழ்நாட்டு வயல்களில், காலையில் வேறொரு கொடியின் மகரந்தத்தை எடுத்துச் சூலகமுடியில் கையால் தடவுகிறார்கள். இதைத் தவறவிட்டால் பூ நிறைய இருக்கும், காய் இருக்காது.

கிழங்கு கலப்பைபோலக் கவைத்திருக்கும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்குபோல நினைத்துத் துண்டு போட்டால் கண்ணில்லாத துண்டு மண்ணிலேயே அழுகும். கவைகளைப் பிரிக்கலாம், ஆனால் நுனி உடையக்கூடாது. 50 கிராமுக்குக் குறையாத கிழங்கை ஜூன், ஜூலையில் நடுங்கள். தண்ணீர் தேங்கும் களிமண் வேண்டாம். அழுகல் அங்கேதான் தொடங்கும். ஏற கிளுவை அல்லது விராலிக் கம்பு போதும். தடித்த கழியை இலைநுனியால் சுற்றிப் பிடிக்க முடியாது. விதை அறுவடைக்கு 160 முதல் 180 நாள். காய் கரும்பச்சையாகித் தோல் சுருங்கியதும் பறித்து நிழலில் உலர்த்துங்கள். கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். அது சாகவில்லை, கிழங்கு உறங்குகிறது.

கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இலங்கையில் உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. உறக்கத்தில் எடுத்துவைக்கும் கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாமல், பெயர் எழுதிய டப்பாவில் பூட்டி வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகலாம்.