ஆறாத கட்டைவிரல்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது இடது கட்டைவிரலில் வெட்டுப்பட்டது. தையல் போடும் அளவுக்கு ஆழமில்லை என்பதால் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய அந்தக் காயம், மூன்று வாரங்கள் கடந்தும் ஓரங்கள் கூடாமல், தண்ணீர் பட்டால் சுள்ளென்று எரிந்துகொண்டே இருந்தது. சர்க்கரை வந்துவிட்டதோ என்ற பயத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். சர்க்கரை இல்லை. அறிக்கையைப் படித்து முடித்த மருத்துவர், மருந்து எழுதுவதற்கு முன் என்னை நிமிர்ந்து பார்த்து, "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். விரலைக் காட்ட வந்தவளிடம் தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

நான் தூங்கவில்லை. 79 வயதான என் அம்மாவுக்கு நான்கு ஆண்டுகளாக மறதி நோய். இரவு இரண்டு மணியளவில் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "மன்னார்குடிக்குப் போகணும், அப்பா காத்துக்கிட்டிருப்பார்" என்று வாசல் தாழ்ப்பாளை ஆட்டத் தொடங்குவார். தாத்தா இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டு நான் எழுந்துபோய், விடிந்ததும் போகலாம் என்று சொல்லிப் படுக்க வைப்பேன். இதில் விந்தை என்னவென்றால், அம்மா அசையாமல் உறங்கிய இரவுகளிலும் இரண்டு மணிக்கு எனக்கு விழிப்புத் தட்டியது. தாழ்ப்பாள் அசையாது, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

யாராவது கேட்டால், "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றுதான் சொல்லிவந்தேன். அதை நம்பவும் செய்தேன். மன அழுத்தம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறதோ என்று இப்போது தோன்றுகிறது. மனம் என்று தொடங்குவதால், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் தீர்ந்துவிடும் சங்கதி அது என்று எண்ணிவிடுகிறோம். போதாக்குறைக்கு, மனச்சோர்வு என்னும் தனி நோயையும் பத்திரிகைகள் இதே சொல்லால் குறிப்பிடுகின்றன.

இந்த அழுத்தத்தை மருத்துவ ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மான்ட்ரியலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே. அவர் எலிகளுக்கு வெவ்வேறு பொருள்களை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்; குளிரில் வைத்துப் பார்த்தார்; அளவுக்கு மீறி ஓடவிட்டும் பார்த்தார். துன்பம் எதுவாக இருந்தாலும் எலிகளின் உடலுக்குள் நேர்ந்தவை ஒன்றுபோலவே இருந்தன: சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் பெருத்திருந்தன, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண்கள் தோன்றியிருந்தன. 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக அவர் இதை வெளியிட்டார். எலியின் மனத்தில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாது, ஆனால் அதன் உடலில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது.

மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஆபத்தை உணர்ந்ததும் இரண்டு வழிகளில் செய்தி அனுப்புகிறது. ஒன்று நரம்பு வழியாக நொடிகளில் அட்ரீனலைச் சென்றடைந்து அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. மற்றொன்று மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சில நிமிடங்கள் தாமதித்து வந்து, அதே அட்ரீனலில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. அப்போது இதயம் விரைகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது, வாயில் எச்சில் வற்றுகிறது. இதையெல்லாம் நம் மொழி எப்போதோ கவனித்து வைத்திருக்கிறது. பயந்தவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது என்கிறோம், கெட்ட சேதி கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம். எனக்குத் தெரிந்து, குடலில் நடப்பதை இவ்வளவு சரியாகச் சொல்லும் தொடர் வேறில்லை.

மாடு முட்ட வரும்போது இந்த ஏற்பாடு உயிர் காக்கும். மாடு போனதும் அடங்கிவிடும். என் வீட்டு மாடோ இரவுதோறும் இரண்டு மணிக்கு வந்தது, வராத நாளிலும் வந்தது. கார்டிசோல் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்து, விடியலை நோக்கி ஏறி, விழித்த சிறிது நேரத்தில் உச்சத்தை எட்டுவதுதான் இயற்கை. நான் அந்த ஒழுங்கை நான்கு ஆண்டுகளாகக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

காயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை மருத்துவர் சுருக்கமாகத்தான் சொன்னார். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவர்களுக்குப் புண் தாமதமாக ஆறும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த மாத்திரையின் உறவுக்காரப் பொருளைத்தான் உடலே கார்டிசோலாகச் சுரக்கிறது. காயம்பட்ட இடத்துக்கு எதிர்ப்பு அணுக்களை அழைக்கும் வேதிச் செய்திகளை அது அடக்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது அமெரிக்காவின் ஓஹியோவில் நடந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. 1995-இல் வெளியான அந்த ஆய்வில், மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பு இல்லாத, ஏறக்குறைய அதே வயதுடைய வேறு 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு காயத்தை உண்டாக்கி, அது ஆறும்வரை கவனித்தார்கள். பராமரிப்பவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஓஹியோவில் எவளோ ஒருத்தியும் இரவில் எழுந்து கதவைப் பூட்டியிருப்பாள் என்று தோன்றியது.

உடலில் வேறு சில மாற்றங்களும் இருந்தன. அம்மா ஒருமுறை தெருமுனைவரை போய்விட்ட அந்தப் பங்குனிக்குப் பிறகு, ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துச் சீப்பு நிறைய முடி வந்தது. பேரதிர்ச்சி கண்ட முடி உடனே விழாமல் இப்படித் தவணை வைத்துத்தான் உதிருமாம். காலையில் தாடை வலித்தது. பல் மருத்துவர் கண்ணாடியைப் பிடித்து என் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதைக் காட்டி, உறக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார்.

ஆனாலும் என்னை உலுக்கியது மறதிதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். அலுவலகத்தில் பத்தாண்டுகளாகத் தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடும். அம்மாவுக்கும் இப்படித்தானே தொடங்கியது என்ற எண்ணம் வந்துவிட்டால் அன்றைய இரவும் போய்விடும். புதிய நினைவுகளைப் பதித்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் கார்டிசோலை ஏற்கும் வாங்கிகள் நிறைந்திருக்கின்றன என்றும், அழுத்தம் நீண்டால் கவனமும் நினைவும் தடுமாறுவது அதனால்தான் என்றும், தூக்கமின்மை அதை இன்னும் மோசமாக்கும் என்றும், இது அம்மாவின் நோய் அல்ல என்றும் மருத்துவர் விளக்கியபோது, வெட்கமில்லாமல் அவர் முன்னால் அழுதேன்.

அதற்காக எல்லாக் கோளாற்றுக்கும் 'டென்ஷன்' என்று பெயரிட்டுவிடும் நம் பழக்கத்துக்கு நான் மாறிவிடவில்லை. மனிதர்களின் இரைப்பைப் புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியிருந்தது. பெரும்பாலான புண்களுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்டிய ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். என் மருத்துவர் முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டுப் பிறகு தூக்கத்தைக் கேட்டதுதான் சரியான வரிசை.

ஆவணியில் கோயம்புத்தூரிலிருந்து தம்பி வந்து அம்மாவைப் பதினைந்து நாள் அழைத்துப் போனான். முதல் ஐந்து இரவுகளும் இரண்டு மணிக்கு விழித்து, வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாம் நாள் கண்விழித்தபோது பால்காரர் வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலின் காயம் அதற்குள் மூடி, நகத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கியிருந்தது. பன்னிரண்டாம் நாள் தம்பி தொலைபேசியில் அழைத்து அம்மா சாப்பிட்டதையும் நடந்ததையும் சொன்னான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். சற்றுப் பொறுத்து, "காலைல எழுந்தா தாடைதான் வலிக்குது, பல்லு ஏதும் சொத்தையான்னு பார்க்கணும்" என்றான்.