நட்டு இறுக்கவும் ஒரு முகூர்த்தம் உண்டு: லோவர் ஆர்ம் புஷ் மாற்றிய கதை

காடியின் (காரின்) முன்சக்கரத்து லோவர் ஆர்மில் புதுப் புஷ், அதாவது இரும்புக்கு நடுவே ரப்பர் வைத்த துண்டு, போட்டு ஒரு வருடம்கூட ஓடவில்லை, அதற்குள் மறுபடி டக் டக்கென்று சத்தம் வருகிறது என்று புலம்புகிறவர்கள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் நிறைய. உடனே லோக்கல் பொருள், டூப்ளிகேட் பொருள் என்று ஸ்பேர் பார்ட் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சில சமயம் அதுவும் உண்மைதான். ஆனால் நான் பார்த்த வரைக்கும் பல காடிகளில் புஷ் நல்ல புஷ்தான், நட்டை இறுக்கிய நேரம்தான் தப்பு. பெங்கெலில் (பட்டறையில்) காடியை விட்டுவிட்டு எதிர்க்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போய்விடுகிறோம், போமன் (மெக்கானிக்) எதை எப்போது இறுக்கினார் என்று யாருக்குத் தெரியும்?

என் பெரோடுவா மைவி காடியிலும் அதேதான் நடந்தது. போன தடவை ஒரு பெங்கெலில் கொடுத்து மாற்றினேன், பெயர் வேண்டாம், ஆள் நல்லவர்தான், வேலையும் வேகம். இரண்டு பக்கமும் புதுப் புஷ் போட்டார், காடியும் கொஞ்ச நாள் கப்சிப்பென்று ஓடியது. அப்புறம் ஹம்ப் (வேகத்தடை) ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் ஒரு டக். அதற்கடுத்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுப்பது. மெனோரா சுரங்கம் தாண்டி ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் மிதிக்கும்போது காடியின் மூக்கு தானாக யோசிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று அந்த வழியாக ஈப்போ போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மைவியைக் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்துச் சாலையைப் பார்த்தால் எந்தக் காடிக்கும் இதுதான் கதி. தோட்டத்துக்கு உள்ளே செம்மண் பாதை, செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகள் மழைக்காலத்தில் உழுதுவிட்டுப் போன தடம், வெளியே தார்ச்சாலைக்கு வந்தால் ஒட்டுப்போட்ட குழிகள். அந்தப் பாதையில் தினமும் வேலைக்குப் போய்வரும் காடிக்குப் புஷ் சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் சீக்கிரம் என்பது வேறு, ஒரு வருடத்துக்குள் என்பது வேறு.

லோவர் ஆர்ம் என்பது முன்சக்கரத்தைக் காடியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் இரும்புக் கை. ஒரு முனையில் பால் ஜோயின்ட், சக்கரத்துப் பக்கம். மறுபக்கம் இரண்டு இடத்தில் சட்டத்தோடு பிடிக்கும், அந்த இரண்டு இடத்திலும் ஒவ்வொரு புஷ். சக்கரம் மேலும் கீழும் ஆடலாம், ஆனால் முன்னும் பின்னும் போகக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது இந்தப் புஷ்களின் வேலை. பிரேக் பிடிக்கும்போது தரை சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது, அந்தத் தள்ளை முழுக்கத் தாங்குவது இவைதான். ரப்பர் கிழிந்துவிட்டால் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகரும், நகர்ந்தால் திசையும் கொஞ்சம் மாறும், ஒரு பக்கம் அதிகமாகக் கிழிந்திருந்தால் ஸ்டியரிங் இழுக்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வதும் பல சமயம் இதனால்தான், அதைத் தெரியாமல் டயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் எல்லாம் வேண்டாம். சமதரையில் காடியை நிறுத்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பிரேக் பிடிக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று, மட்காட் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். டயர் முன்னும் பின்னும் துள்ளினால் சந்தேகமே இல்லை. அப்புறம் காடியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கம்பியை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு நெம்பிப் பாருங்கள். மேலோட்டமான சின்ன வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம், வெயிலில் கிடக்கும் எந்த ரப்பரும் அப்படி ஆகும். நெம்பும்போது வாய் பிளந்தால்தான் கதை முடிந்தது. நம் நாட்டில் சொந்தக் காடிக்கு வருடா வருடம் கட்டாயச் சோதனை கிடையாது, விற்கும்போது பெயர் மாற்றத்துக்குக் கொண்டுபோனால்தான் அடிப்பக்கத்தை யாராவது பார்ப்பார்கள். அதனால் நாமாகக் குனிந்து பார்த்தால் உண்டு.

இந்த முறை வெளியே கொடுக்கவில்லை. எங்கள் வரிசையில் ஒரு அண்ணன் இருக்கிறார், செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் புஷ்ஷை அழுத்தி எடுக்கவும் பொருத்தவும் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது, சாயங்காலம் ஆனால் பேச்சுத் துணைக்கு ஆளும் தேவை. பழைய ஆர்மைக் கழற்றி வெளியே எடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, முன் புஷ்ஷைத் திருப்பிப் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டியதுதான். ரப்பர் உள்குழாயை ஒட்டியே வட்டமாகக் கிழிந்திருந்தது. "தம்பி, இது குழியில விழுந்து போனதில்ல. முறுக்கிக் கொன்னுருக்கானுங்க" என்றார்.

இங்கேதான் விஷயமே. புஷ் என்றால் வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே ரப்பர். அந்த ரப்பர் இரண்டு இரும்போடும் ஒட்டியே இருக்கிறது. பலர் நினைப்பதுபோல் ஆர்ம் அந்தப் போல்ட்டைச் சுற்றி வழுக்கிச் சுழல்வதில்லை. வெளி வளையம் ஆர்மோடு இறுகியிருக்கும், உள்குழாயைப் போல்ட் சட்டத்தோடு கவ்விப் பிடித்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் நடுவில் உள்ள ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. ஆக, போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை.

பெங்கெலில் என்ன நடக்கிறது? காடி மேலே லிஃப்டில், சக்கரம் கீழே தொங்குகிறது, ஆர்மும் அதோடு சேர்ந்து கீழே சாய்ந்து கிடக்கிறது. அதே நிலையில் ஏர் கன்னை வைத்து டர்ரென்று இறுக்கிவிட்டுக் காடியை இறக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்ம் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட நீளம், சுமார் 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொங்கும் சக்கரம் தரையில் உட்காரும்போது 8 சென்டிமீட்டர் மேலே வந்தாலே ஆர்ம் ஏறக்குறைய 15 பாகை திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பம் முழுவதையும் ரப்பர் வாங்கிக்கொள்கிறது. காடி வீட்டில் சும்மா நிற்கும்போதும், ராத்திரி நாம் தூங்கும்போதும், அது முறுகியபடியே இருக்கும். அதற்கு மேல்தான் குழி, ஹம்ப், நான்கு பேர் ஏறிய பாரம் எல்லாம். ஈரத்துணியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு அதையே இன்னும் இன்னும் முறுக்கினால் என்ன ஆகும்? அதுதான்.

போல்ட் படுத்த வாக்கில் போகும் புஷ்களுக்கு இது அப்படியே பொருந்தும். சில காடிகளில் பின் புஷ்ஷுக்கு நின்ற வாக்கில் போல்ட் வரும், அதற்கு இந்த முறுக்கம் அவ்வளவாகக் கிடையாது. எதற்கு வம்பு என்று நாங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் இறுக்கினோம், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

லிஃப்டும், காடிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழியும் இல்லாத வீட்டில் இதை எப்படிச் செய்வது? காடியைத் தூக்குவதற்கு முன்னால், அது சாதாரணமாகத் தரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை டேப்பால் அளந்து, அந்த அளவை ஒரு மார்க்கரால் மாஸ்கிங் டேப்பில் எழுதி மட்காட்டிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும். வேலை முடிந்து எல்லாப் போல்ட்டும் கைவிரல் இறுக்கத்தில் உள்ளே போன பிறகு, காடி ஸ்டாண்டில் இருக்க, இன்னொரு ஜேக்கை ஆர்மின் வெளிமுனைக்கு அடியில், பால் ஜோயின்ட்டை ஒட்டி வைத்து, ஹப்பின் நடுவுக்கும் மட்காட்டுக்கும் உள்ள தூரம் அந்தப் பழைய அளவுக்கு வரும்வரை மெல்ல உயர்த்துங்கள். இப்போது இறுக்குங்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால், காடியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு. நான் இடது பக்கம் அவசரத்தில் ரென்ச்சை எடுத்தபோது அண்ணன் கையைத் தட்டிவிட்டார். "முகூர்த்தம் வரலடா, இரு. அளவு வரட்டும்." அவருக்கு எதிலும் முகூர்த்தம்தான்.

ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டும் வேண்டும், பின்சக்கரத்துக்குக் கல்லும் வேண்டும். இதில் பேச்சே கிடையாது.

பொருள் வாங்கும்போது கடையில் வழக்கமான கேள்விதான்: ஒரிஜினலா, ஓஇஎம்மா (கார் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரே விற்பது), லோக்கலா, அதோடு புஷ் மட்டுமா, முழு ஆர்மா. முழு ஆர்ம் வாங்கினால் புஷ் இரண்டும் ஏற்கெனவே அழுத்திப் பொருத்தி வரும், பல தயாரிப்புகளில் பால் ஜோயின்ட்டும் சேர்ந்தே வரும், பிரஸ் தேவையில்லை, கழற்றி மாட்டினால் முடிந்தது. பிரஸ் வசதி இல்லாதவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். நாங்கள் புஷ் மட்டும் வாங்கினோம், பழைய ஆர்ம் நேராக இருந்தது, துரு அரிக்கவில்லை, பால் ஜோயின்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. அப்படி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின் புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் இருக்கும், இரண்டு பிறை மாதிரி. ஒரு திசையில் மெத்தென்று கொடுக்கவும், மறு திசையில் விறைப்பாக நிற்கவும் அந்த ஏற்பாடு. அதைத் தொண்ணூறு பாகை மாற்றிப் பொருத்திவிட்டால் காடி விநோதமாக நடந்துகொள்ளும். எனவே பழையதை அழுத்தி வெளியே தள்ளும் முன், அந்தப் பிறைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று ஆர்மின் மேலேயே பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். புதியதை உள்ளே அழுத்தும்போது பிரஸ்ஸின் பலம் வெளி வளையத்தின் மேல்தான் விழ வேண்டும், நடுக்குழாயின் மேல் அல்ல, இல்லையென்றால் பொருத்தும்போதே கிழித்துவிடுவோம்.

கிரீஸ் தடவலாமா என்றால், வேண்டாம். மண்ணெண்ணெயிலிருந்து கிரீஸ் வரை கனிம எண்ணெய் வகை எதுவும் இயற்கை ரப்பருக்கு ஆகாது, ஊதிப்போய் மெத்துப்போய்விடும். எஞ்சின் எண்ணெய் ஒழுகும் காடிகளில் புஷ் சீக்கிரம் போவதும் இதனால்தான். வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். துரு இளக்கும் ஸ்ப்ரேயைப் பழைய போல்ட்டுக்கு அடியுங்கள், புதுப் புஷ்ஷின் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இயற்கை ரப்பர் என்றதும் நினைவுக்கு வருகிறது. செயற்கை ரப்பர் எத்தனையோ வந்துவிட்டன, ஆனாலும் இந்த மாதிரிப் புஷ்ஷுக்கும் எஞ்சின் மவுன்டிங்குக்கும் இன்னும் பெரும்பாலும் பால்மரத்து ரப்பர்தான். இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகம்போல் இறுகிவிடுமாம், அதனால் கீறல் விழுந்தாலும் சட்டென்று பரவாது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகளில் ஒன்பதை 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ நட்டது இங்கிருந்து பக்கத்திலுள்ள கோல கங்சாரில்தான், அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. எங்கள் பாட்டி விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் எடுத்த மரங்களை வெட்டிவிட்டுத்தான் இன்றைக்குச் செம்பனை நிற்கிறது. அந்தச் செம்பனை லோரி போட்ட குழியில் விழுந்து எங்கள் ரப்பர் புஷ் கிழிகிறது. பாட்டி இருந்தால் நல்லா வேணும் என்று சிரித்திருப்பார்.

பாலியூரிதேன் புஷ் போடலாமே என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். போடலாம். அது இரும்போடு ஒட்டியிருப்பதில்லை, உள்குழாயைச் சுற்றி வழுக்கிச் சுழல்கிற அமைப்பு. அதனால் நான் மேலே சொன்ன முகூர்த்தப் பிரச்சினை அதற்கு இல்லை, ஆயுளும் அதிகம். ஆனால் விறைப்பு, சாலையின் ஒவ்வொரு பொடிக்கல்லும் ஸ்டியரிங்கில் வந்து பேசும். அதற்கென்று தடவும் சிலிக்கோன் கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும். தோட்டத்துப் பாதையில் ஓடும் குடும்பக் காடிக்கு எனக்கு அதில் விருப்பமில்லை, பின்சீட்டில் அம்மா உட்காருவார்.

வேலை முடிந்ததும் நேரே அலைன்மென்ட் கடைக்கு ஓடாதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, சில ஹம்ப் ஏறி இறங்கி எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரட்டும். அப்புறம் போய் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஆர்மைக் கழற்றி மாட்டினால் அது கொஞ்சமாவது மாறியிருக்கும். எனக்கு இடது பக்கம் மாறியிருந்தது, சரிசெய்த பிறகு பிரேக்கில் இழுப்பு முழுக்கப் போய்விட்டது.

நீங்கள் வெளியே கொடுத்து மாற்றுவதாக இருந்தால் தே தாரிக்கைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். போமனிடம் மரியாதையாகவே கேட்கலாம்: "அண்ணே, லோவர் ஆர்ம் நட்டைக் கடைசியா டயர் தரையில உட்கார்ந்திருக்கும்போது இறுக்குறீங்களா?" சரி என்றால் நல்ல பெங்கெல். "எல்லாம் ஒண்ணுதான் லா" என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.